உவர்மண்ணுக்கு ஏற்ற மரக்கன்றுகள்: ஆலோசனையும் உதவியும் தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடலூரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் பசுமைப் படையின் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் எங்கள் வளாகத்து மரங்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. அதன் பிறகு நட்டவை சரியாக நிலைக்கவில்லை.

சென்ற ஆடியில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் கொய்யா, மா, நெல்லி, பூவரசு என்று நட்ட 24 கன்றுகளில் இன்று பிழைத்திருப்பவை 5 மட்டுமே. அவை அனைத்தும் பூவரசு. மற்றவற்றின் இலைகள் ஓரத்தில் தீய்ந்தாற்போலப் பழுப்பேறி, நடுநரம்பு வரை காய்ந்து உதிர்ந்தன. வாயில் வைத்தாலே கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பிள்ளைகள் வாளி வாளியாக, அக்கறையோடு ஊற்றினார்கள். மண்ணைப் பாராமல் கிடைத்த கன்றையெல்லாம் நட்டது என் தவறு.

ஐப்பசி மழை மண்ணின் உப்பை ஓரளவு கழுவிவிடும் என்பதால், அப்போது நடுவதற்குப் புன்னை, புங்கன், பூவரசு ஆகியவற்றில் முப்பது கன்றுகள் தரக்கூடியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலை மக்கவைக்கும் எங்கள் குழி நாற்றமடிக்கிறது. காய்ந்த சருகு சேர்த்தும் குறையவில்லை, அனுபவமுள்ளவர்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் நல்லது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில், வனத்துறை அனுமதியுடன் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல முறை தெரிந்தவர்களும் எழுதுங்கள்.