எல்டிஆர் ராத்திரியில் வெளிச்சம் காட்டுது, அவசரம்

காப்பிக்களம் | ஞாயிறு இரவு 11:52
வணக்கம்ணா. ஏற்காட்டுல எங்க காப்பிக் களத்துக்கு இருட்டினா தானா எரியற மாதிரி எல்டிஆர் (வெளிச்சம் பட்டா ரெசிஸ்டன்ஸ் குறையற சென்சார்) வச்சு லைட் போட்டிருக்கேன். சாயங்காலம் ஒழுங்கா எரியுது. ராத்திரி ஒரு மணி தாண்டினா வெளிச்ச ரீடிங் தானா ஏறி லைட் அணைஞ்சுடுது. வெளியே கும்மிருட்டு! சென்சார் புதுசு மாத்தியும் அதே. பழம் காயுது, காட்டெருமை வேற சுத்துது. ப்ரோகிராம் சரிதான், பார்த்துட்டேன். என்ன பண்ணலாம்?

அஞ்சுரோட்டான் | திங்கள் காலை 6:40
எந்த போர்டு? எந்த பின்? கூட இருக்கற ரெசிஸ்டர் எவ்வளவு? ரீடிங் எதுலேர்ந்து எதுக்கு ஏறுது?

மின்மினி | திங்கள் காலை 7:15
லைட்டோட வெளிச்சமே சென்சார் மேல படுது. அவ்வளவுதான், திருப்பி வைங்க.

சால்டர் சித்தர் | திங்கள் காலை 7:31
படுதுன்னா சாயங்காலமே எரியறதும் அணையறதுமா ஆட்டம் காட்டும், ஒரு மணி வரைக்கும் காத்திருக்காது. தம்பி காப்பிக்களம், போர்டு பேர்கூட சொல்லாம கேட்டா நாங்க சோழி உருட்டித்தான் பார்க்கணும். இங்க இருக்கறது ரெண்டு ரெசிஸ்டர், ஒரு ஓம் விதி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிட்டு வாங்க.

காப்பிக்களம் | திங்கள் மதியம் 1:05
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். போர்டு இஎஸ்பி32. ரெசிஸ்டர் 10கே, அதாவது பத்தாயிரம் ஓம். பின் 34. இருட்டுல 0 காட்டும், அப்புறம் மெல்ல மெல்ல 1200 வரை ஏறும். 800 தாண்டினா அணைக்கச் சொல்லியிருக்கேன். காலையில வெயில் வந்து ஒரு மணி நேரம் போனா எல்லாம் சரியாயிடும்.

வைஃபை வாசு | திங்கள் மதியம் 1:20
கிடைச்சிருச்சு! ஏடிசி 2 (அனலாக் படிக்கற ரெண்டாவது குரூப்) பின்ல போட்டிருப்பீங்க. வைஃபை ஓடும்போது அந்த பின்கள்ல அனலாக் படிக்க முடியாது. 32லேர்ந்து 39க்குள்ள மாத்துங்க.

காப்பிக்களம் | திங்கள் மதியம் 1:48
பின் 34லதான் இருக்குண்ணா. வைஃபை போடவே இல்லை.

வைஃபை வாசு | திங்கள் மதியம் 1:50
எதுக்கும் ஒரு தடவை மாத்திப் பாருங்க.

மின்மினி | திங்கள் மதியம் 2:10
நிலா வெளிச்சமா இருக்குமோ?

சால்டர் சித்தர் | திங்கள் மதியம் 2:26
பௌர்ணமி நிலா உச்சியில நின்னாலும் வெளிச்சம் கால் லக்ஸ் பக்கம்தான். ரீடிங் முழுசா 4095ன்னா 3.3 வோல்ட், 1200ன்னா ஏறக்குறைய ஒரு வோல்ட். எல்டிஆர் 3.3 வோல்ட் பக்கமும் 10கே தரைப் பக்கமும் இருந்தா, எல்டிஆர் 24கே மாதிரி நடிக்குது. கடையில கிடைக்கற சாதாரண எல்டிஆர் 10 லக்ஸ்லயே 10லேர்ந்து 20கே, முழு இருட்டுல ஒரு மெகாஓம். நடுராத்திரியில 24கே எங்கேருந்து வரும்? டூப்ளிகேட் சென்சார். பிஎச்1750ன்னு டிஜிட்டல் வெளிச்ச சென்சார் இருக்கு, அதை வாங்குங்க.

அஞ்சுரோட்டான் | திங்கள் மாலை 5:02
ரெண்டு சென்சாரும் ஒரே மாதிரி டூப்ளிகேட்டா சித்தரே? காப்பிக்களம், சென்சாருக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒயர் எவ்வளவு நீளம்? ஜாயிண்ட் இருக்கா?

காப்பிக்களம் | திங்கள் மாலை 6:30
ஆறு மீட்டர் இருக்கும். தாழ்வாரத்து ஓரத்துல ஒரு ஜாயிண்ட். டேப் சுத்தியிருக்கேன்.

அஞ்சுரோட்டான் | திங்கள் மாலை 6:44
அங்கதான் எனக்குச் சந்தேகம். ராத்திரி பனி இறங்கி டேப்புக்குள்ள ஈரம் நின்னா, ரெண்டு ஒயருக்கும் நடுவுல அந்தத் தண்ணியே ஒரு ரெசிஸ்டர். போர்டுக்கு அது வெளிச்சம் மாதிரிதான் தெரியும். இன்னிக்கு ரீடிங் ஏறினதும் எல்டிஆரை மட்டும் கழட்டுங்க. ஒயர் அப்படியே இருக்கட்டும். 0 ஆச்சுன்னா சென்சார் குத்தம். 1200லயே நின்னா ஒயர்.

சூரமங்கலம்_77 | திங்கள் இரவு 8:15
இதே டேப் ஜாயிண்ட்தான், எங்க வீட்டுல மூணு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலை. பனின்னு கதை விடாதீங்க.

மலைவாசி | திங்கள் இரவு 8:40
கீழே சேலம் சூரமங்கலத்துல மேகம் வீட்டுக்குள்ள வராதே. இங்க துவைச்ச துணி மூணு நாளைக்குக் காயாது.

சூரமங்கலம்_77 | திங்கள் இரவு 8:52
அது மேகம் இல்லீங்க, மூடுபனி. மேகம் மேல இருக்கும்.

மலைவாசி | திங்கள் இரவு 9:07
கீழேருந்து பார்த்தா மேகம், உள்ளே நின்னா மூடுபனி. காத்து சரிவுல ஏறி குளிர்ந்து உண்டாகறது, ரெண்டும் ஒண்ணுதான். நீங்க 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பாருங்க.

தமிழ்_மோகன் | திங்கள் இரவு 9:33
ரெண்டுக்கும் சேர்த்து மஞ்சுன்னு ஒரே சொல் நம்மகிட்ட இருக்கே. அதை விட்டுட்டு ஏன் சண்டை?

சூரமங்கலம்_77 | திங்கள் இரவு 9:36
மஞ்சுன்னா எங்க அத்தை பொண்ணு.

அஞ்சுரோட்டான் | செவ்வாய் காலை 6:20
கழட்டிப் பார்த்தீங்களா? ஜாயிண்ட்டைச் சரி பண்ற வரைக்கும் 10கே இடத்துல 2.2கே போட்டு வைங்க. அதே கசிவுக்கு ரீடிங் 350 தாண்டாது. சாயங்காலம் கொஞ்சம் முன்னாடியே எரியும், காலையில கொஞ்சம் லேட்டா அணையும். மாடு கோவிச்சுக்காது.

வைஃபை வாசு | செவ்வாய் காலை 9:10
பின் மாத்தினீங்களா?

அஞ்சுரோட்டான் | புதன் இரவு 9:45
காப்பிக்களம்?

காப்பிக்களம் | வெள்ளி மாலை 4:18
ரெண்டு நாளா கரண்ட் இல்லை, மன்னிக்கணும். நேத்து ராத்திரி வந்ததும் எல்டிஆரைக் கழட்டினேன், 1150லயே நின்னுச்சு. டேப்பைப் பிரிச்சா உள்ளே சொட்டுத் தண்ணி, ஒயர்ல பச்சையாக் களிம்பு. சுத்தமா வெட்டி, சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணினா சுருங்கி ஒயரை இறுக்கற குழாய்) போட்டு, ஜாயிண்ட்டைப் பெட்டிக்குள்ள இழுத்துட்டேன். விடிய விடிய 0. ரொம்ப நன்றிண்ணா.

சால்டர் சித்தர் | வெள்ளி மாலை 4:40
ரெண்டு ரெசிஸ்டர், ஓம் விதின்னு முதல்லயே சொன்னேன்.

மலைவாசி | சனி காலை 8:02
ஹீட் ஷ்ரிங்க் ஏற்காட்டுலயே கிடைச்சுதா, கீழே போய் வாங்கினீங்களா?