வகுப்பு நேரத்தை எப்படிக் குறிப்பது? அனுபவசாலிகள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து இணையவழியில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நியூ ஜெர்சி, ஃபீனிக்ஸ், டப்ளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். சனிக்கிழமை, நம்ம நேரம் இரவு 7:30.

குளிர்காலத்தில் இது நியூ ஜெர்சியில் காலை 9 மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியதும் 10 ஆகிவிடுகிறது. டப்ளினில் மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறுதான். ஃபீனிக்ஸில் மாற்றமே கிடையாது. அந்தக் குழந்தைக்கு எப்போதும் காலை 7, பாவம்.

சுருக்கெழுத்துகள்தான் பெரிய தலைவலி. ஜூலையிலும் ஒரு நியூ ஜெர்சி அம்மா "9 மணி ஈ.எஸ்.டி." (EST, அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்) என்று எழுதுகிறார். எழுத்துப்படி அது நமக்கு 7:30. அவர் வீட்டுக் கடிகாரத்தைச் சொல்கிறார் என்றால் அது ஈ.டி.டி. (EDT, அங்கத்திய கோடை நேரம்), நமக்கு 6:30. நாம் ஐ.எஸ்.டி. (IST) என்றால் இந்திய நேரம்; டப்ளின்காரர்கள் கோடையில் ஐ.எஸ்.டி. என்பது அயர்லாந்து நேரத்தை!

என் கேள்வி: அட்டவணையை நம்ம நேரத்தில் நிலையாக வைப்பதா, நியூ ஜெர்சி நேரத்தோடு நகர்த்துவதா? சுருக்கத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயரையே போட்டால் பெற்றோருக்குப் புரியுமா? கூகுள் காலண்டரில் இப்படி நடத்துபவர்கள் எந்த ஊர் நேரத்தில் வகுப்பைப் பதிகிறீர்கள்? நவம்பர் மாற்றத்துக்கு முன்னால் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும்.