ஒரே சீட்டு, வேறு கணக்கு: போக்கரில் டோர்னமென்டும் கேஷ் கேமும்

ஆட்டின்ராணி:
போக்கரில், சிப்பை (பந்தய வில்லை) அப்படியே காசாக மாற்றிக்கொள்ளும் கேஷ் மேசையில் நிதானமாகக் காசு சேர்ப்பவர், சிப் தீர்ந்தால் வெளியேற வேண்டிய டோர்னமென்டில் திணறுகிறார். கோப்பை தூக்கியவர் கேஷ் மேசையில் உட்கார்ந்தால் பை காலியாகிறது. எதற்குத் திறமை அதிகம் என்று மல்லுக்கட்டுவதைவிட, எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று ஆளுக்கொன்றாக எழுதலாமே. என் கண்ணில் அதிகம் படுவது பிக் பிளைண்டிலிருந்து ஆடும் விதம் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயப் பந்தயம் போடும் இரண்டு இடங்களில் பெரியது; அதில் பாதி போடுவது ஸ்மால் பிளைண்ட்).

கேஷில் 100 பிக் பிளைண்ட் ஸ்டாக் (கையிருப்பு); மற்றத் தொகைகளும் இதே அலகில்தான். டீலர் இடமான பட்டனில் இருப்பவர் 2.5-க்கு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் (சீட்டை எறிகிறார்). பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை) 4 கிடக்கிறது, நீங்கள் போட வேண்டியது 1.5. ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்க சுமார் 27% வெற்றி வாய்ப்பு வேண்டும். ரேக் (நடத்துபவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். டோர்னமென்டில் 20 பிக் பிளைண்ட் ஸ்டாக், ரெய்ஸ் 2 தான், பிக் பிளைண்டில் இருப்பவர் கூடுதலாகப் போடும் கட்டாயத் தொகையான ஆன்டி 1 சேர்ந்து பாட்டில் 4.5 இருக்கிறது. 1 போட்டால் போதும், தேவை வெறும் 18%. கேஷ் பழக்கத்தில் இங்கே குப்பைச் சீட்டு என்று எறிபவர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறார். பெரிய தவறாகத் தெரியாது, அதனால்தான் திருத்தாமலே விடுகிறார்கள்.

ஏழுரெண்டு:
அதே உதாரணத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப் போங்கள். இரண்டிலும் ஃப்ளாப்பில் பாட் 5.5. ஆனால் கையில் மிச்சம் கேஷில் 97.5, டோர்னமென்டில் 17. அதாவது பாட்டைப்போல சுமார் 18 மடங்கு ஒரு பக்கம், 3 மடங்கு மறுபக்கம். 3 மடங்கில் டாப் பேர் (மேசையில் உள்ள பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) வந்தால் ஸ்டாக்கை உள்ளே தள்ளத் தயங்க வேண்டியதில்லை. 18 மடங்கில் அதே டாப் பேரை வைத்து ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை மூன்று பெரிய பந்தயத்தையும் கால் செய்தால் (ஈடாகப் போட்டால்), எதிரே இருப்பது பெரும்பாலும் இரண்டு ஜோடியோ செட்டோதான் (கையில் ஜோடி, மேசையில் அதே எண் ஒன்று). டோர்னமென்ட்காரர்கள் கேஷில் காசு விடும் முதல் இடம் இது.

சின்ன ஜோடியும் அப்படித்தான். இரண்டு இரண்டு வைத்திருந்தால் ஃப்ளாப்பில் செட் விழுவது சுமார் 8.5 தடவைக்கு ஒரு முறை. விழுந்தாலும் எதிராளி ஒவ்வொரு முறையும் முழு ஸ்டாக்கைத் தரப்போவதில்லை. அதனால் கால் தொகையைப்போல 15 முதல் 20 மடங்காவது இருவர் கையிலும் மிச்சம் இருக்க வேண்டும். 100 ஸ்டாக்கில் 3 போட்டு கால் செய்யலாம். 20 ஸ்டாக்கில் அதே கால் வீண். ஆல்-இன் (இருப்பதையெல்லாம் போடுவது) அல்லது ஃபோல்ட், நடுவழி கிடையாது.

ஜோக்கர்:
ஆழமான ஸ்டாக் ஆட்டத்தில் கேஷ்தான் கடினம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டோர்னமென்டில் மட்டும் இருக்கிற ஒரு கணக்கு உண்டு: ஐசிஎம், அதாவது சிப்பைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றிப் பார்க்கும் முறை. ஜெயிக்கும் சிப்புக்கும் இழக்கும் சிப்புக்கும் மதிப்பு ஒன்றல்ல.

மூன்று பேர் மிச்சம், ஆளுக்கு 5000 சிப். பரிசு 50, 30, 20. இப்போது ஒவ்வொருவர் பங்கின் மதிப்பு 33.33. ஆல்-இன் கால் செய்து ஜெயித்தால் 10,000 சிப். அதன் மதிப்பு 66.67 ஆகாது: 50-இல் மூன்றில் இரண்டு பங்கும், 30-இல் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து 43.33 மட்டுமே. தோற்றால் 20-ஐ வாங்கிக்கொண்டு வெளியே. கிடைப்பது 10, போவது 13.33. சிப் கணக்கில் 50% போதும் என்று தோன்றும், உண்மையில் வேண்டியது 57%. கேஷில் இப்படி ஒரு இடமே வராது, அங்கே சிப்தான் காசு.

ஆகவே பபிளில் (பரிசு எல்லைக்குச் சற்று முந்தைய கட்டம்) தள்ளுவது எளிது, கால் செய்வது கடினம். முதலில் ஆல்-இன் போடுபவருக்கு எதிராளி ஃபோல்ட் செய்யும் வாய்ப்பும் சேர்ந்து கிடைக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஏஸ், கிங்கை எப்படி எறிவது?" என்பவர்களைச் சாட்டிலைட்டில் (பெரிய டோர்னமென்டுக்கான டிக்கெட்டே பரிசாக உள்ள போட்டி) பாருங்கள். நான்கு பேர், மூன்று டிக்கெட், சமமான ஸ்டாக். எந்தச் சீட்டானாலும் தள்ளுகிறவர் ஆல்-இன் போட்டாலும் கால் செய்ய 75% வேண்டும். ஏஸ், கிங்குக்கு ஏதோ ஒரு கைக்கு எதிராக இருப்பது சுமார் 65%. எறியத்தான் வேண்டும். ஜாக் ஜோடி தேறும்.

கடைசிபெஞ்ச்:
கேஷில் மேசை தேர்வும் ஒரு திறமை, அதை யாரும் சொல்லவில்லை. டோர்னமென்டில் காட்டிய இடத்தில் உட்கார வேண்டும். கேஷில் அடிக்கடி ரெய்ஸ் செய்பவருக்கு இடப்பக்கம் இடம் கிடைத்தால் மாறிக்கொள்ளலாம், மேசை வறண்டுவிட்டால் எழுந்து போகலாம். ஃப்ளாப் பார்க்காமல் முடிந்த பாட்டில் ரேக் எடுக்காத மேசையில், ஸ்மால் பிளைண்டிலிருந்து வெறும் கால் செய்வதைக் குறைத்து ரீ-ரெய்ஸ் செய்தால் அதுவே லாபம்.

ஏழுரெண்டு:
நல்ல நாள், கெட்ட நாள் விஷயமும் பேசிவிடலாம். 100 கைக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் எடுக்கும் நல்ல கேஷ் ஆட்டக்காரர், 100 கைக்கு 90 என்ற திட்டவிலக்கத்தில் (ஏற்ற இறக்கத்தின் அளவு) ஆடுகிறார் என்று வையுங்கள். 10,000 கை முடிவில் அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 29%. ஒரு லட்சம் கை ஆடினால் அது 4% அளவுக்கு இறங்கும். டோர்னமென்டில் பரிசின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போவதால் ஊசலாட்டம் இன்னும் மோசம். கேஷுக்கு 30 முதல் 50 பை-இன் (ஒரு முறை ஆட உள்ளே கட்டும் தொகை) ஒதுக்குபவர், பெரிய கூட்டம் ஆடும் டோர்னமென்டுக்கு 100-க்கு மேல் ஒதுக்குவது பயத்தால் அல்ல. ஒரு மாத முடிவை வைத்து "எனக்கு டோர்னமென்ட் வராது" என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆட்டின்ராணி:
ஜோக்கர், உங்கள் 57%-இல் ஒரு திருத்தம். பிளைண்டை விட்டுவிட்டீர்கள். 250/500, ஆன்டி இல்லை, பட்டன் ஃபோல்ட், ஸ்மால் பிளைண்ட் ஆல்-இன். பிக் பிளைண்டில் இருப்பவர் ஃபோல்ட் செய்தால் 4500 சிப், மதிப்பு 32.2. அப்போது தேவை சுமார் 52.5%. சிப் கணக்கில் 45%.

ஜோக்கர்:
சரிதான். 500 ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே. 57% என்பது பிளைண்டைக் கணக்கில் சேர்க்காதபோது மட்டும் பொருந்தும்.