சுவத்துல ஒட்டுன வாழைப்பழம் எப்படிங்க ஆர்ட் ஆகுது?

கேள்வி: 2019-ல அமெரிக்காவுல மயாமில மௌரிசியோ கட்டெலான்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் டேப் போட்டு ஒட்டுன வாழைப்பழம், 2024-ல நியூயார்க் ஏலத்துல 62 லட்சம் டாலருக்கு போச்சு. பழம் அழுகுனா வேற வாங்கி ஒட்டிக்கலாமாம், காசு இது அவரோட ஆர்ட்டுதான்னு சொல்ற சர்டிபிகேட்டுக்குத்தான். இதுல சாதாரண ஜனங்களுக்கு என்ன இருக்கு? நெஜமாவே புரிஞ்சிக்கணும்னு கேக்குறேன்.

பதில் 1: விலைய வச்சு பாத்தா ஒண்ணும் பிடிபடாது ப்ரோ. 1917-லயே டூஷாம்ப்னு ஒரு ஆர்ட்டிஸ்ட் கடையில வாங்குன யூரினல்ல கையெழுத்து போட்டு கண்காட்சிக்கு அனுப்புனாரு, எது கலைன்னு யாரு முடிவு பண்றதுங்கிற கேள்வி அப்பவே வந்துருச்சு.

பதில் 2: எனக்கு அந்த கேள்வி மட்டும் பத்தாதுங்க. சென்னை கண்ணகி நகர் போய் பாருங்க, ஹவுசிங் போர்டு பில்டிங் சுவர் முழுக்க பெரிய பெரிய முகங்க, பெயிண்ட் அடிச்சா வேலையும் வசதியும் வந்துராதுதான், ஆனா ஊருக்கு வெளிய தள்ளுன ஜனங்க இருக்குற எடத்த வெளியாளுங்க தேடி வந்து பாக்குறாங்கல்ல.

பதில் 3: சென்னை பக்கம் ஆர்ட்டிஸ்டுங்க சேந்து வாழுற சோழமண்டலம் கிராமத்த விட்டுட்டீங்களே! 1966-ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் ஸ்டூடண்ட்ஸும் சேந்து ஆரம்பிச்சது, பாத்திக் துணி மாதிரி கைவேலை வித்துத்தான் சோறும் பெயிண்டும். அவரோட பெயிண்டிங்ல ஜாதகக் கட்டம் மாதிரி கோடு, படிக்க முடியாத எழுத்துன்னு நெறஞ்சிருக்கும், நம்ம ஆளுங்களுக்கு அது அந்நியமா தெரியாது. ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கம் பக்கம்தான், போய் ஒரு அரைமணி நேரம் நின்னு பாத்துட்டு சொல்லுங்க.