சிக்ராஃப் மாநாட்டில் டெமோவைப் பார்ப்பது எப்படி, எதைக் கேட்பது

சிக்ராஃப் என்பது கணினி வரைகலைக்கான (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) ஆய்வு மாநாடு. அங்கே டெமோ பார்ப்பது பற்றிச் சிலர் தரும் குறிப்புகள் இவை, ஒவ்வொரு பகுதியும் ஒருவருடையது.

முதல் முறை போகிறவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் வாசிக்கப்படும் அரங்கிலேயே நாளைக் கழித்துவிடுகிறார்கள். கட்டுரைகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம். 2002 முதல் அவற்றில் பல, ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் கிராஃபிக்ஸ் ஆய்விதழில் வருகின்றன. எழுதியவரை நேரில் பிடித்துக் கேட்பதற்குத்தான் மாநாடு. அதனால் எல்லாக் கட்டுரைகளையும் வேகமாக அறிமுகப்படுத்தும் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் நிகழ்ச்சியைத் தவறவிடாதீர்கள். ஒரு கட்டுரைக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும், ஆனால் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பேட்ஜ் வாங்கும்போதும் கவனம் தேவை: விலை குறைந்த பேட்ஜில் கட்டுரை அரங்குக்குள் விடமாட்டார்கள். கண்காட்சி அரங்கும் மாநாட்டின் எல்லா நாளும் திறந்திருக்காது.

* * *

மேலே சொன்னது சரி. கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை நம்பாதீர்கள், கன்ட்ரோலரைக் கேட்டு வாங்குங்கள். வீடியோவில் கேமரா போகும் பாதை, குறை தெரியாதபடி தேர்ந்தெடுத்த பாதை.

ரியல்டைம் பாத் ட்ரேசிங், அதாவது ஒளிக்கதிர்கள் பட்டுத் தெறிக்கும் பாதைகளை உடனுக்குடன் கணக்கிட்டுப் படம் வரைவது என்றால், முதலில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்துங்கள். தூண் மறைத்திருந்த சுவர் இப்போதுதான் வெளிப்படுகிறது. அந்தப் பிக்சல்களுக்கு முந்தைய ஃப்ரேம்களின் தகவல் கிடையாது. முந்தைய ஃப்ரேம்களையும் கலந்து படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டினாய்சர் அங்கே திணறினால் தூணின் விளிம்பை ஒட்டி ஒரு பட்டை மட்டும் புள்ளி புள்ளியாகவோ குழம்பியோ தெரியும்.

அடுத்து, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். சுவரில் பட்டுத் தெறித்த வெளிச்சம் உடனே போகிறதா, மெல்ல மங்குகிறதா? புது ஃப்ரேமுக்கு 10 சதவீத எடை கொடுத்துக் கலந்தால், பழைய வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைய 22 ஃப்ரேம் ஆகும். 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) அது மூன்றில் ஒரு நொடிக்கும் மேல். எடை 5 சதவீதம் என்றால் 45 ஃப்ரேம், முக்கால் நொடி. நன்றாகவே கண்ணில் படும். பழையதை எப்போது தூக்கி எறிவது என்று அவர்கள் தனியாக ஏதாவது செய்திருந்தால், அந்த மங்கல் இருக்காது. கேட்க வேண்டியது அதைத்தான்.

கண்ணாடிப் பிரதிபலிப்பையும் விடாதீர்கள். ஒரு பிக்சல் முந்தைய ஃப்ரேமில் எங்கே இருந்தது என்று காட்டும் மோஷன் வெக்டர், கண்ணாடிப் பரப்பின் நகர்வைத்தான் சொல்லும், உள்ளே தெரியும் பிம்பத்தின் நகர்வைச் சொல்லாது. அதனால் பிம்பம் இழுபடும்.

எஃப்பிஎஸ் கேட்டுப் பயனில்லை. எந்த ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்), இந்த நுட்பம் மட்டும் எத்தனை மில்லிவிநாடி, உள்ளே எந்த ரெசல்யூஷன் என்று கேளுங்கள். 4கே திரையில் காட்டினாலும் உள்ளே 1080பி அளவில் ரெண்டர் செய்து அப்ஸ்கேல் பண்ணினால் (பெரிதாக்கினால்), கணக்கிட்ட பிக்சல்கள் கால்பங்குதான்.

* * *

விஆர் டெமோவுக்கு ஒன்றே ஒன்று: முந்தையவர் வைத்த கண் இடைவெளியிலேயே பார்க்காதீர்கள். பாப்பைத் தூரத்தைச் சரி செய்யாமல் பார்த்துவிட்டு "மங்கல்" என்று தீர்ப்பு சொல்வது, உழைத்தவர்களுக்கு அநியாயம்.

* * *

புகைப்படங்களிலிருந்து ஒரு காட்சியை, காஸியன் எனப்படும் லட்சக்கணக்கான மங்கலான முப்பரிமாணத் திட்டுகளாக உருவாக்கும் முறைதான் காஸியன் ஸ்பிளாட்டிங். 2023-இல் அது வந்தது முதல் அது சார்ந்த கட்டுரைகள் குவிகின்றன. எனக்கும் மிகப் பிடித்த துறை, அதனாலேயே கறாராகப் பார்க்கச் சொல்கிறேன். கேமராவை நின்ற இடத்திலேயே சுழற்றுங்கள். மூல முறையில் காஸியன்களை மையப்புள்ளியின் ஆழத்தை வைத்து வரிசைப்படுத்துவதால், சுழலும்போது வரிசை மாறி வண்ணம் திடீரென்று தாவும். பிறகு படமெடுத்த பாதையை விட்டு விலகிப் போங்கள். காற்றில் மிதக்கும் அழுக்குத் திட்டுகள் அங்கேதான் தெரியும்.

கோப்பின் அளவும் கேளுங்கள். மூல முறையில் ஒரு காஸியனுக்கு 59 எண்கள்: இடம் 3, அளவு 3, சுழற்சி 4, ஒளிபுகாமை 1, பார்க்கும் திசைக்கேற்ப மாறும் நிறம் 48. எண்ணுக்கு 4 பைட் என்றால் 10 லட்சம் காஸியனுக்கு 236 எம்பி. சுருக்கிவிட்டோம் என்பவர்களிடம், அந்த 48-ஐ என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பளபளப்பான பொருளில் தரம் குறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.