பாதரசமும் மீனின் செவுளும்: தொட்டியில் கண்டது ஆற்றில் செல்லுமா?

செவுள்நோக்கி: பாதரச மாசு என்றாலே மீனைத் தின்னும் மனிதருக்கு என்ன ஆகும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது, மீன் படும் பாட்டைக் கேட்பார் இல்லை. மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பு கரைந்த தொட்டியில் விடப்பட்ட தேளி மீனைக் கவனியுங்கள். உடலெங்கும் கோழை தடித்துப் படிகிறது, செவுள் மூடியின் ஓரத்தில் அது இழையிழையாகத் தொங்குகிறது, மீன் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், சீப்பின் பற்களைப் போலத் தனித்தனியே நிற்க வேண்டிய செவுள் நுண்தகடுகள் மேல்தோல் உப்பிப் பிரிந்தும், ஒன்றோடொன்று ஒட்டியும் கிடக்கும். நீருக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர் தடித்துவிடுவதால், நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் திணறுகிறது.

இரைவழி: நீங்கள் விவரிப்பது தொட்டிக்குள் உண்மைதான், ஐயா. அச்சோதனைகள் பலவற்றில் லிட்டருக்குப் பத்து, நூறு மைக்ரோகிராம் என்று பாதரசம் கரைக்கப்படுகிறது. இயற்கை நீர்நிலைகளிலோ அது பெரும்பாலும் நானோகிராம் கணக்கில்தான், அதாவது மைக்ரோகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்தான் இருக்கிறது. சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கரிமச் சேர்மமாக மாற்ற, அது பாசியிலும் நுண்ணுயிரிலும் சிறுமீனிலும் படிப்படியாகச் செறிந்து பெரிய மீனை அடைகிறது. ஆகவே மீனுக்குள் நஞ்சு புகும் முதன்மை வாயில் இரைதான்.

செவுள்நோக்கி: அளவு பற்றிய தடையை ஏற்கிறேன். ஆனால் கழிவு நேரே கலக்கும் இடத்தில் நீர்நிலையின் சராசரியைச் சொல்லி என்ன பயன்? புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்வது பாதரசத்தின் இயல்பு என்பதால், உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் நொதியைச் செவுளிலேயே அது முடக்குகிறது. கோழை பாதரசத்தைப் பிடித்து உதிர்க்கும் கவசம்தான். கோழைச் செல்கள் ஓய்ந்துவிட்டால் தோல் வெறுமையாகிக் கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது.

கரையோரம்: தேளி காற்றையும் சுவாசிக்குமே, அதனால் பிழைத்துக்கொள்ளாதா?

செவுள்நோக்கி: சிறிது காலம் தாங்கும். ஆனால் அதன் தோலும் நீரிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் உறுப்பு. செவுளோடு தோலும் கெடும்போது முழுச் சுமையும் விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கும் காற்றுப்பையின் மேல் விழுகிறது.

இரைவழி: கழிவு வாயில் வரை உங்கள் வாதம் நிற்கும். அதற்கு அப்பால் பிடித்த மீனின் செவுள் சிதைந்திருப்பதை மட்டும் வைத்துப் பாதரசத்தின் மேல் பழி போட மாட்டேன். செம்பும் அம்மோனியாவும் ஒட்டுண்ணிகளும்கூட நுண்தகடுகளை இப்படித்தான் ஒட்டவைக்கின்றன. திசுவில் பாதரசத்தை அளந்து காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.