துரியோதனன் மிடுக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி: தெருக்கூத்தில் வரும் துரியோதனனின் மிடுக்கு ஊர் ஆண்களைப் பார்த்து வந்ததா, இல்லை, கூத்தைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொண்டதா?

பதில் 1: பாதி மிடுக்கு, மர அணிகள் பூட்டும் கட்டை வேஷத்திலேயே இருக்கிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. லேசான மரம்; விடிய விடியச் சுமக்க வேண்டுமே. புஜக்கட்டை கட்டினால் தோள் தானாக அகன்று தெரியும். கிரீடக் கயிறு தளர்ந்தால் சுற்றி ஆடும்போது சாய்ந்துவிடும்.

பதில் 2: திரௌபதி வேஷமும் மரபாக ஆண்கள் கட்டுவதுதான். துகிலுரியும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனை வேண்டிக்கொள்கிறார்கள். அம்மனுக்கு அஞ்சும் அந்த அச்சம் ஊர் வாழ்க்கையின் வெறும் பிரதிபலிப்பு இல்லை.

பதில் 3: துரியோதனன் போரில் விழுவதை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தை விட்டுவிட்டீர்களே! மண்ணில் செய்த துரியோதனன் தரையில் கிடக்க, திரௌபதி கூந்தலை முடிகிறாள். இரவெல்லாம் பார்த்த மிடுக்கு அப்படிக் கிடப்பதைப் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.